தாழ்ப்பாளுக்கு இங்கிலீஷில் என்ன?

ஐயா வணக்கம்,

நான் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஷீட் வேலை பார்க்கிறேன். பத்தாவது வரை தமிழ் மீடியம். இங்கிலீஷ் சுத்தமாக வராது. மகள் ஒன்பதாவது படிக்கிறாள். சேஸிஸ் வந்து இறங்கிவிட்டால் சேனல், பேனல், ரிவெட், பட்டி, பிரைமர் என்று வீடு திரும்ப ஒன்பது மணி ஆகிவிடும். அதன்பிறகு உட்கார்ந்து தினம் பத்து கஷ்டமான இங்கிலீஷ் வார்த்தைகளை அர்த்தத்தோடு நோட்டில் எழுதிக் கொடுப்பேன். நான்கு மாதத்தில் 1,200 ஆகிவிட்டது. அத்தனையும் மனப்பாடம். பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் கேட்டு அசந்துபோனார்கள். ஆனால் பாட்டியைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு அவள் மிஸ் பாதி மார்க்தான் போட்டார். 'மை லொக்வேஷியஸ் கிராண்ட்மதர்' என்று ஆரம்பித்திருந்தாள். அடுத்து எந்த லிஸ்ட்டைப் பிடிக்கலாம்? கிரேக்க, லத்தீன் வேர்ச்சொல் படித்தால் நல்லதா? செல்போன் ஆப் உதவுமா? ஸ்பெல்லிங் போட்டிக்கு அனுப்பலாமா?

க., கரூர்

அன்புள்ள க.,

ஒன்பது மணிக்கு மேல் கையில் பெயிண்ட் வாசனையோடு உட்கார்ந்து பத்து வார்த்தை எழுதும் அப்பாவை நினைத்துக்கொண்டே இருந்தேன். அந்த நோட்டை உங்கள் மகள் ஐம்பது வயதிலும் பத்திரமாக வைத்திருப்பாள். அதைச் சொல்லிவிட்டேன். இனித் திட்டலாம்.

பொங்கலுக்கு வந்தவர்கள் முன் பிள்ளையை நிறுத்தி வார்த்தை ஒப்பிக்க வைத்தது அநியாயம். அவர்கள் அசந்தது அவள் படிப்பைப் பார்த்து இல்லை, புரியாத சத்தத்தைக் கேட்டு. இனி வேண்டாம். ஸ்பெல்லிங் போட்டி அவளுக்கு ஆசையிருந்தால் போகட்டும், உங்களுக்கு ஆசையிருந்தால் வேண்டாம். ஆப் பற்றி எனக்குச் சொல்ல எதுவுமில்லை. வேர்ச்சொல் நல்லதுதான், ஆனால் மரத்தைப் பார்த்தபிறகு வேரைத் தோண்டலாம்.

மிஸ் பாதி மார்க் போட்டது சரி. 'லொக்வேஷியஸ் கிராண்ட்மதர்' என்பதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'எம் பாட்டியார் சொற்பெருக்குடையார்.' உங்கள் அம்மாவைப் பற்றி ஊரில் யாராவது இப்படிச் சொன்னால் சிரிப்பீர்களா, மாட்டீர்களா? 'எங்க பாட்டி பேச ஆரம்பிச்சா சோறு ஆறிப்போகும்' என்று எழுதியிருந்தால் அந்தப் பாட்டி எழுந்து வந்திருப்பாள். அதற்கு வேண்டிய இங்கிலீஷ் வார்த்தைகள் எல்லாம் ஆறாம் வகுப்பிலேயே இருக்கின்றன.

நானும் உங்கள் மகளாக இருந்தவன். எங்கள் வீட்டில் அட்டை கிழிந்த லிப்கோ டிக்‌ஷனரி ஒன்று இருந்தது. ஏ-யிலிருந்து எம் வரை கடினமான வார்த்தையை மட்டும் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டு உருப்போட்டேன். 1986-ல் வேலை கிடைத்து புனேக்குப் போனேன். ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவரின் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருந்தேன். இரண்டாம் நாளே கதவுத் தாழ்ப்பாள் கழன்று தொங்கியது. அம்மாவிடம் சொல்ல வேண்டும். தாழ்ப்பாளுக்கு இங்கிலீஷில் என்ன? வரவில்லை. எனக்கு வந்தது, 'தி டோர் இஸ் காண்டுமேஷியஸ்'. அடங்காப்பிடாரி என்று அர்த்தம். அந்தம்மா கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "லாட்ச் போச்சா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

அன்று ராத்திரி டிக்‌ஷனரியைப் புரட்டினேன். 'எல்' பக்கத்தில் லாட்ச் இருந்தது, கோடு இல்லாமல். சுலபமான வார்த்தை என்று நானே தாண்டிப் போயிருக்கிறேன். கீல், கரண்டி, வடிகட்டி, சாக்கடை எதற்கும் கோடு இல்லை. அடுத்த இரண்டு வருஷத்தில் அந்தம்மாவின் சமையலறையில் நின்றுதான் இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன்.

இதில் புதிதாக எதுவும் இல்லை. சுமார் நூறு வருஷத்துக்கு முன் டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் வங்காளப் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களைப் பார்த்து இதைத்தான் சொன்னார். எங்கோ ஒருமுறை வந்துபோகும் பகட்டு வார்த்தைகளை எடுத்துவிட்டு, அடிக்கடி வரும் வார்த்தைகளை வைத்து, ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் சந்திக்கும்படி வாசிப்புப் புத்தகங்கள் எழுதினார். 1953-ல் அவர் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2,000 வார்த்தைகள்தான். சாதாரண இங்கிலீஷ் பக்கம் ஒன்றை எடுத்தால் நூற்றுக்கு எண்பது வார்த்தை அதிலிருந்துதான் வரும்.

'அது பச்சைப்பிள்ளை வார்த்தையாச்சே, என் மகளுக்கு உயர்ந்த வார்த்தை வேண்டும்' என்பீர்கள். இங்கேதான் உங்கள் கடிதத்தைத் திரும்ப எடுக்கிறேன். இங்கிலீஷ் சுத்தமாக வராது என்று எழுதிவிட்டு, அடுத்த இரண்டாம் வரியில் சேஸிஸ், சேனல், பேனல், ரிவெட், பட்டி, பிரைமர் என்று ஆறு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள்! எந்த நோட்டில் உருப்போட்டீர்கள்? கையில் அடிபட்டுக் கற்றவை அல்லவா அவை?

பிரைமர் உங்களுக்கு முதல் கோட்டு பெயிண்ட். குழந்தைக்குக் கொடுக்கும் முதல் பாடப்புத்தகமும் இங்கிலீஷில் பிரைமர்தான். ரிவெட் அடித்தால் ஷீட் அசையாது. ஒரு கதை நம்மை வைத்த கண் வாங்காமல் உட்கார வைத்தால் அதை இங்கிலீஷ்காரன் 'ரிவெட்டிங்' என்பான். ஷீட்டின் கனத்தைப் பதினெட்டு கேஜ், இருபது கேஜ் என்கிறீர்களே, அந்த கேஜையே வினையாக்கி ஆளை அளக்கிறான். நாம் ஆளை எடைபோடுகிறோம், அவன் கேஜ் பார்க்கிறான். பேனல் முதலில் ஒரு துண்டுத் துணி. ஜூரிகளின் பெயர் எழுதிய துண்டுச் சுருளும் பேனல் ஆனது, அப்புறம் அந்த ஆட்களே பேனல் ஆனார்கள். அதனால்தான் டிவியில் நடுவர் பேனல் உட்கார்ந்திருக்கிறது. பட்டி பார்க்கிறதோடு சேர்த்துச் சொல்வோமே டிங்கரிங், அது ஊர் ஊராகப் போய் ஓட்டைப் பாத்திரம் அடைத்தவனின் பெயரிலிருந்து வந்தது. இன்றைக்கும் ஒருத்தன் எதையாவது சும்மா நோண்டிக்கொண்டிருந்தால் அதை இங்கிலீஷ்காரன் 'டிங்கர்' பண்ணுவது என்கிறான்.

உயர்ந்த வார்த்தை என்று தனியாக எங்கே இருக்கிறது, க.? தெரிந்த வார்த்தைக்குள் இன்னும் இரண்டு படி இறங்கினால் அதுதான். இறங்கியவளுக்கு லொக்வேஷியஸும் ஒருநாள் தன் இடத்தில் வந்து உட்காரும்.

இன்னொன்று. தமிழில் மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, காற்று வீசுகிறது, பனி கொட்டுகிறது. வெயில் பெய்கிறது என்று உங்கள் மகள் ஒருநாளும் சொல்லமாட்டாள். யார் லிஸ்ட் போட்டுக் கொடுத்தது? கேட்டுக் கேட்டு வந்தது. இங்கிலீஷ் வார்த்தையும் அப்படித்தான், கூட்டாளியோடு வந்தால்தான் நிற்கும். நோட்டில் வார்த்தைக்கு எதிரே அர்த்தம் எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள். அவள் படித்த கதையிலிருந்து அந்த வார்த்தை வந்த முழு வாக்கியத்தை அவளே எழுதட்டும். பத்து வேண்டாம், இரண்டு போதும்.

அடுத்த லிஸ்ட் கேட்டிருந்தீர்கள், இல்லையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பட்டறைக்குக் கூட்டிப் போங்கள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெறும் சேஸிஸை ஓட்டிவரும் டிரைவரிலிருந்து, கடைசிக் கோட்டு பெயிண்ட் வரை ஒரு பஸ் எப்படி எழுந்து நிற்கிறது என்று எனக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். அந்த 1,200-ல் ஒரு வார்த்தைகூட வரக்கூடாது. தப்பு இருந்தால் திருத்தாமல் அனுப்புங்கள். ஷீட் ஓரம் கையைக் கிழிக்காமலிருக்க மடித்துவிடுவீர்களே, அதற்குப் பட்டறையில் என்ன பெயர் என்று மறக்காமல் எழுதட்டும். எனக்குத் தெரியாது.