குளிர்காலத்தில் டீசலில் ஆடிட்டிவ் ஊற்றினால் லாரியின் மைலேஜ் கூடுமா?

கேட்டவரின் நிலவரம்: டெல்லியில் நிறுத்தி லூதியானா, ஜெய்ப்பூர், கான்பூர் ஓட்டும் 12 சக்கர பிஎஸ்-6 (புதிய மாசு விதிப்படி செய்த) வண்டி. மற்ற மாதங்களில் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுப்பது டிசம்பர், ஜனவரியில் 3.6-க்கு இறங்குகிறது. டிரான்ஸ்போர்ட் நகரில் பாட்டிலில் விற்கும் ஆடிட்டிவை ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறார்.

மைலேஜுக்காக என்றால் ஊற்றாதீர்கள். போன அந்த 10 சதவீதம் டீசலின் தரத்தால் போகவில்லை. டயரிலும், முன்னால் அடிக்கும் காற்றிலும், வண்டி நிற்கும்போது இன்ஜினை ஓடவிடும் ஐடிலிங்கிலும் போயிருக்கிறது. அங்கெல்லாம் பாட்டில் எட்டாது.

முதலில் டயர். அக்டோபர் மதியம் 35 டிகிரியில் 110 பிஎஸ்ஐ வைத்த டயரை, ஜனவரி காலை 5 டிகிரியில் கேஜ் வைத்துப் பார்த்தால் 98 தான் காட்டும். பஞ்சரும் இல்லை, வால்வு கசிவும் இல்லை. உள்ளே இருக்கும் காற்று சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். "10 டிகிரிக்கு 2 பிஎஸ்ஐ" என்று சொல்வது கார் டயர் கணக்கு. லாரி டயரில் அழுத்தம் அதிகம், அதனால் 10 டிகிரிக்கு 4 பிஎஸ்ஐ இறங்கும். 10 பிஎஸ்ஐ குறைந்து ஓடினால் டீசலில் அரை முதல் ஒரு சதவீதம் வரை போகும். காற்றைச் சரி செய்தாலும் முழுதாக மீளாது, ஏனென்றால் ரப்பரே குளிரில் விறைக்கிறது. வெளி வெப்பம் 10 டிகிரி குறைந்தால் லாரி டயரின் உருளும் இழுவை (டயர் உருள்வதற்கு எதிரான தடை) சுமார் 6 சதவீதம் கூடும். லோடு வண்டியில் இழுவையின் பெரும்பங்கு டயர்தான் என்பதால், டீசல் கணக்கில் அது 2 முதல் 4 சதவீதம். இதற்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது, ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

காற்று பார்ப்பது காலையில், வண்டி நகர்வதற்கு முன். கம்பெனி சொன்ன அளவை அப்போது வையுங்கள். ஒரு எச்சரிக்கை: 5 டிகிரியில் 110 அடித்த வண்டி நேராகத் தெற்கே இறங்கி 35 டிகிரிக்குப் போனால் அதே டயர் 123-ஐத் தொடும். நாமக்கல் லோடு கிடைத்தால் நாக்பூர் தாண்டிய முதல் காலையில் கேஜைப் போட்டு, அதிகமாக இருக்கும் காற்றை இறக்கிவிடுங்கள்.

அடுத்தது முன்னால் அடிக்கும் காற்று. 35 டிகிரியைவிட 5 டிகிரியில் காற்று 11 சதவீதம் கனம். 60-ல் ஓடும் லோடு வண்டிக்கு இழுவையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு காற்று எதிர்ப்பு என்பதால், 3 முதல் 4 சதவீதம் கூடுதல் சுமை விழும். தார்ப்பாய் தொளதொளவென்று அடித்துக்கொண்டிருந்தால் இன்னும் கூடும்.

மூன்றாவது ஐடிலிங். இதுதான் கைக்கு எட்டும் பணம். பனிமூட்டத்தில் ஹைவே ஓரம், மாசுக் கட்டுப்பாடு வந்தால் டெல்லியின் சிங்கு, டிக்ரி எல்லையில், பகலில் ஊருக்குள் விடாத நேரத்தில் என்று வண்டி நின்றுகொண்டே உறுமும். ஆறு சிலிண்டர் இன்ஜின் சும்மா ஓடினாலே மணிக்கு 2 முதல் 3 லிட்டர் குடிக்கும். ஒரு ட்ரிப்பில் 8 மணி நேரம் அப்படி நின்றால் 20 லிட்டர் காலி. இன்ஜின் சூடாக 3 முதல் 5 நிமிடம் போதும். அதற்குமேல் சூடாக்கும் வேலையை ஓட்டம் செய்யட்டும். பிஎஸ்-6 வண்டியில் ஐடிலிங் இன்னொரு வகையிலும் தின்னும்: புகையின் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரில் கரி சேர்ந்து, அதை எரித்துச் சுத்தம் செய்யும் ரீஜெனரேஷன் அடிக்கடி வரும், அதற்கும் டீசல்தான் எரிகிறது.

நான்காவதாக, பலர் பார்க்காத இடம் தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் வால்வு. மே மாத வெயிலில் இன்ஜின் சூடாகிறது என்று சொல்லி மெக்கானிக் வால்வைக் கழற்றிப் போட்டிருப்பார். ஜனவரி வரை யாருக்கும் நினைவே இருக்காது. வால்வு இல்லாத இன்ஜின் குளிரில் 80 டிகிரிக்கே ஏறாது, 60 பக்கம் அலைந்துகொண்டிருக்கும். எரிப்பு சரியாக நடக்காது, ஆயில் தடிமனாகவே சுற்றும், எரியாத டீசல் ஆயிலில் இறங்கும். கண்டுபிடிப்பது எளிது. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ஃபேனிலிருந்து விலகி நின்று, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். நல்ல வால்வு இருந்தால் டெம்பரேச்சர் முள் நடுப்பகுதிக்கு வரும் வரை ஹோஸ் சில்லென்று இருக்கும், பிறகு சட்டென்று சுடும். ஆரம்பத்திலிருந்தே இன்ஜினோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பானால், வால்வு இல்லை அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டது. ஆடிட்டிவ் வாங்கும் காசை இதில் போடுங்கள்.

கணக்கே பிசகும் ஒரு வழியும் உண்டு. டீசல் ஒரு டிகிரிக்கு 0.083 சதவீதம் சுருங்கும். பங்க்கின் நிலத்தடி டேங்கிலிருந்து 25 டிகிரியில் ஏறிய 300 லிட்டர், இரவில் 5 டிகிரிக்குப் போனால் 5 லிட்டர் குறைந்து நிற்கும். இதைப் பார்த்துவிட்டு டிரைவர் டீசல் திருடினார் என்று சண்டை போடும் முதலாளிகள் உண்டு. அந்தப் பழியை அவர்மேல் போடாதீர்கள்.

இனி பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 'ஆடிட்டிவ்' என்ற பெயரில் நாலைந்து வேறுவேறு சரக்குகள் விற்கின்றன.

சீட்டேன் ஏற்றி: பெரும்பாலும் எத்தில்ஹெக்சில் நைட்ரேட். சீட்டேன் எண் என்பது டீசல் எவ்வளவு எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதன் அளவு. பிஎஸ்-6 டீசலில் அது குறைந்தது 51 இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குமேல் ஏற்றினால் குளிர் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை கொஞ்சம் குறையும், செல்ஃப் சீக்கிரம் பிடிக்கும். லோடு இழுக்கும்போது மைலேஜில் தெரியாது.

டிடர்ஜென்ட்: இன்ஜெக்டர் நாசிலில் படிந்ததைக் கழுவும். நாசில் அடைத்திருந்தால் இழந்ததில் ஒன்றிரண்டு சதவீதம் திரும்பும், சுத்தமாக இருந்தால் ஒன்றும் நடக்காது. இது டிசம்பருக்கான மருந்து அல்ல, எந்த மாதத்திலும் ஒன்றுதான்.

தண்ணீர் எடுப்பது: ஆல்கஹால் கலந்தவற்றைத் தொடாதீர்கள். இன்ஜெக்டர்களுக்கு உயர் அழுத்தத்தில் டீசல் தள்ளும் காமன் ரெயில் பம்ப்புக்கு அந்த டீசல்தான் எண்ணெய்ப் பசை. ஆல்கஹால் அதைக் குறைக்கும், கீழே தங்க வேண்டிய தண்ணீரையும் இன்ஜெக்டருக்கு அனுப்பும். காலையில் வாட்டர் செபரேட்டரைத் திறந்து, தெளிந்த டீசல் வரும்வரை வடியுங்கள். அது இலவசம்.

உறையாமல் காப்பது: குளிர்காலத்தில் உண்மையான வேலை உள்ள ஒரே சரக்கு இது. ஆனாலும் மைலேஜ் தராது, வண்டியை நிற்காமல் வைக்கும். டீசலில் மெழுகு உண்டு. குளிரில் அது படிகமாகி ஃபில்டரை அடைக்கும். இந்திய விதிப்படி நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான டீசல் 6 டிகிரி வரை ஃபில்டர் வழியே போக வேண்டும், கோடைச் சரக்கு 18 டிகிரி வரை போனால் போதும். டெல்லி சஃப்தர்ஜங்கில் 2021 ஜனவரி 1-ல் 1.1 டிகிரி பதிவாயிற்று. அப்படிப்பட்ட நாளில்கூட குளிர்கால டீசலால் சமவெளியில் பெரும்பாலும் தொல்லை வராது. தொல்லை வருவது, அக்டோபரில் நிரப்பிய டேங்கோடு, அல்லது விலை குறைவு என்று ரோட்டோரம் வாங்கிய 'பயோ டீசலோடு' சிம்லா, ஸ்ரீநகர் பக்கம் ஏறுபவர்களுக்கு. பாமாயில் வகையில் செய்த பயோ டீசல் 10 டிகிரிக்கு மேலேயே கலங்கும், லிட்டருக்கு வெப்பமும் 8 சதவீதம் குறைவு. லடாக்குக்கென்று இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. அது பானிபட் ரிஃபைனரி தயாரிப்பு. அந்தப் பக்கம் போனால் அங்கே அதையே நிரப்புங்கள்.

அடைத்ததன் அடையாளம் இது: வண்டி ஸ்டார்ட் ஆகும், பத்து நிமிடம் ஓடும், பிறகு இழுவை செத்து நிற்கும், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் எழும். ஃபில்டரைக் கழற்றினால் மார்கழித் தேங்காய் எண்ணெய் போல வெள்ளையாக அப்பியிருக்கும். இந்த நிலையில் ஆடிட்டிவ் ஊற்றிப் பயனில்லை. அது பிறக்கும் படிகத்தைச் சிறிதாக்குமே தவிர, கட்டியதைக் கரைக்காது. துணி சுற்றி வெந்நீர் ஊற்றுங்கள், முடிந்தால் ஃபில்டரை மாற்றிக் கைப் பம்ப்பால் டீசல் ஏற்றுங்கள். டேங்குக்கு அடியில் தீ மூட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு, அதைச் செய்யாதீர்கள்.

அதனால் மலை ஏறுவதாக இருந்தால் அம்பாலாவுக்கு இந்தப் பக்கமே, டீசல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போது, உறையாமல் காக்கும் அந்தச் சரக்கை லேபிளில் உள்ள அளவுக்கு முதலில் டேங்கில் ஊற்றிப் பிறகு டீசல் நிரப்புங்கள். லிட்டருக்கு ஒரு மில்லி என்று போட்டிருந்தால் 300 லிட்டருக்கு 300 மில்லி, அதற்குமேல் ஒரு மூடிகூட வேண்டாம்.

மண்ணெண்ணெய் கலக்கலாமா என்றும் கேட்பார்கள். பழைய வண்டியில் செய்தார்கள். பிஎஸ்-6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு). மண்ணெண்ணெயில் 2,500 வரை இருக்கலாம். பத்துக்கு ஒன்று கலந்தாலே கந்தகம் சுமார் 25 மடங்கு வரை ஏறும், சைலன்சரில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் காலி. கலப்படம் என்பதால் பிடித்தால் வழக்கும் உண்டு.

இதற்குப் பிறகும் பாட்டிலை முயன்று பார்க்க ஆசை என்றால், கணக்கு போட்டுவிட்டு வாங்குங்கள். டீசல் 88 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டருக்கு 1 ரூபாய் ஆடிட்டிவ் செலவுக்கு மைலேஜ் 1.14 சதவீதம் ஏறினால்தான் அசல் தேறும். அதாவது 4.00 என்பது 4.05 ஆக வேண்டும். லோடு, காற்று, டிரைவர் கால், எல்லை காத்திருப்பு எல்லாம் மாறும் லைனில் இவ்வளவு சின்ன வித்தியாசத்தை ஒரே ட்ரிப்பில் யாரும் பார்க்க முடியாது. அதே பங்க், அதே நாசில், அதே ரூட்டில் டேங்க் டு டேங்க் (டேங்கை முழுதாக நிரப்பி, ஓட்டி, மறுபடி முழுதாக நிரப்பி) பாருங்கள். ஊற்றியும் ஊற்றாமலும் மாற்றி மாற்றி ஐந்தைந்து ட்ரிப் எழுதி வையுங்கள். ஜனவரி முழுக்க ஊற்றாமல் ஓட்டிவிட்டு பிப்ரவரி கடைசியில் ஊற்றினால் மைலேஜ் ஏறத்தான் செய்யும், வெயில் வந்துவிட்டது அல்லவா. விற்பவர்கள் காட்டும் 'முன்பு, பின்பு' கணக்குகளில் பாதி இப்படி வந்தவைதான்.