பென்னட்டை ஏன் உட்கார வைத்திருக்கிறீர்கள்?

அன்புள்ள ஐயா,

விடுதி நண்பர்கள் சொல்லி இரண்டு மாதம் முன்பு கென்ஷின் இம்பாக்ட் என்ற சாகச வீடியோ கேம் விளையாடத் தொடங்கினேன். முதல் இரண்டு வாரம் சொர்க்கம். மலை ஏறினேன், கிளைடரில் பறந்தேன், கண்ணில் பட்ட பெட்டியெல்லாம் திறந்தேன். அட்வெஞ்சர் ரேங்க், அதாவது ஆட்டக்காரரின் தரநிலை, 25 தாண்டியதும் எல்லாம் மாறிவிட்டது. ஹிலிச்சர்ல் என்ற சாதாரண அரக்கர் கூட்டத்தை அடித்து முடிக்கவே இரண்டு நிமிடம் ஆகிறது. ஆம்பர், காயா, லிசா, நோயல், ஷிங்ச்சியூ, சுக்ரோஸ், பார்பரா, ஜீன் என்று எட்டுக் கேரக்டர்களையும் 40-ஆம் லெவலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பென்னட் மட்டும் 20-இல் இருக்கிறான். சேர்த்த ப்ரிமோஜெம் (விளையாட்டுக் காசு) எல்லாம் போட்டு பேனரில், அதாவது கேரக்டர் குலுக்கலில், இழுத்ததில் 50/50 தோற்று, காட்டிய கேரக்டருக்குப் பதில் ஜீன்தான் வந்தாள், தண்டம். ஐந்து நட்சத்திர டிபிஎஸ் (முக்கியமாக அடிக்கும் அபூர்வ கேரக்டர்) இல்லாமல் ஒன்றும் நடக்காது என்கிறார்கள் நண்பர்கள். 2020-இல் வந்த விளையாட்டை இவ்வளவு தாமதமாகத் தொடங்கியதே தப்போ? வசனங்கள் முடிவதே இல்லை. போன் சூடாகிறது. சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் விளையாடுகிறேன். பகுதிநேர வேலைச் சம்பளம் கொஞ்சம் கையில் இருக்கிறது. அதைப் போட்டு எந்த பேனரில் இழுக்கலாம் என்று சொல்வீர்களா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். ‘பென்னட் மட்டும் 20-இல் இருக்கிறான்.’ புதிதாக வருகிறவர்கள் ரேங்க் 25-க்கும் 30-க்கும் நடுவே ஏன் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கான விடை அந்த ஒரு வரியில் இருக்கிறது. நீங்கள் தோற்பது அதிர்ஷ்டத்தால் அல்ல. பர்ஸ்ட் என்ற பெரிய அடிக்கு வேண்டிய எனர்ஜி எங்கிருந்து வருகிறது, யாரிடம் போகிறது என்று இந்த விளையாட்டு உங்களுக்கு ஒழுங்காகச் சொல்லித் தரவில்லை. அந்த ஓட்டையைத்தான் பணத்தால் அடைக்கப் பார்க்கிறீர்கள்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். தாமதமாகத் தொடங்கியது தப்பே இல்லை. மோண்ட்ஸ்டாட், லியுவே, இனாசுமா, சுமேரு, ஃபோன்டைன், நாட்லான் என்று அத்தனை நிலமும் திறக்கப்படாத பெட்டிகளோடு உங்களுக்காகக் காத்திருக்கிறது. போன் சூடாகிறதா? கிராஃபிக்ஸில் ரெண்டர் ரெசல்யூஷனையும் நிழலையும் குறைத்து 30 ஃப்ரேமில் வையுங்கள். வசனம் நீளமென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேறு விளையாட்டுக்குப் போங்கள். அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

சத்தத்தை நிறுத்தியது மட்டும் மன்னிக்க முடியாதது. மோண்ட்ஸ்டாட்டின் இசையை வாசித்தது லண்டன் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா. லியுவேக்கு ஷாங்காய் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா. ஒரு பைசா வாங்காமல் அதைத் தருகிறார்கள், நீங்கள் ஊமைப்படமாகப் பார்க்கிறீர்கள். விடுதியில் தொந்தரவு என்றால் இயர்போன் மாட்டுங்கள். திரைக்கு வெளியே நிற்கும் வில்லாளி அம்பை இழுப்பது காதுக்குத்தான் முதலில் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருவோம். கல்யாணப் பந்தியில் இலைக்கு இலை சமமாகப் பரிமாறுவதுபோல எட்டுப் பேருக்கும் லெவல் ஏற்றும் புத்தகத்தையும் மோரா என்ற காசையும் பகிர்ந்திருக்கிறீர்கள். நல்ல மனசுதான். ஆனால் ரேங்க் 25 தாண்டியதும் உலக லெவல் ஏறுகிறது, எதிரிகளும் கூடவே ஏறுகிறார்கள். அந்த நேரத்தில் நான்கு பேர் 50-இல் இருந்திருந்தால் நீங்கள் எனக்குக் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள். இன்றிலிருந்து நான்கு பேர், நால்வர் மட்டும். இப்போதைக்கு 50 வரை ஏற்றலாம், ரேங்க் 30 ஆனதும் 60. எந்தக் காலத்திலும் அவசரப்பட்டு 90-க்கு ஓடாதீர்கள். 80-இல் இருந்து 90-க்குப் போகும் கடைசிப் பத்துப் படிகள் மொத்தப் புத்தகங்களில் ஐந்தில் இரண்டு பங்கைத் தின்றுவிடும்.

யார் அந்த நால்வர்? பென்னட், ஷிங்ச்சியூ, ஷியாங்லிங், நீங்கள் தண்டம் என்று எழுதிய ஜீன். ஷியாங்லிங் உங்களிடம் இல்லை, ஏனென்றால் தளம் தளமான சவால் இடமான ஸ்பைரல் அபிஸ் பக்கமே நீங்கள் போகவில்லை. அது ரேங்க் 20-இலேயே திறந்துவிட்டது. மோண்ட்ஸ்டாட்டின் கேப் ஓத் முனைக்குப் போய்க் கடலைப் பாருங்கள், எதிரே தெரியும் மஸ்க் ரீஃப் தீவில்தான் அதன் வாசல். மூன்றாம் தளத்தின் மூன்றாம் அறையை முடித்தால் ஷியாங்லிங்கை இலவசமாகத் தருகிறார்கள். உங்கள் நண்பர்கள் இதைச் சொல்லாமல் பேனரை மட்டும் காட்டியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம்தான்.

இப்போது எனர்ஜி. பர்ஸ்ட் பொத்தானின் வட்டம் நிரம்புவது பெரும்பாலும் துகள்களால். ஸ்கில் (சிறிய சிறப்பு அடி) எதிரி மேல் பட்டால் துகள் பிறக்கும், பறந்து வந்து களத்தில் நிற்பவரிடம் சேரும். ஸ்கில்லை அழுத்தியவர் யார் என்பது கணக்கே இல்லை. துகள் வந்து சேரும் நொடியில் களத்தில் நிற்பவர் யார் என்பதுதான் கணக்கு. அவருடைய தனிமமும் (தீ, நீர், காற்று போன்றது) துகளின் தனிமமும் ஒன்றானால் ஒரு துகளுக்கு 3 எனர்ஜி. வேறு வேறானால் 1. வெள்ளைத் துகளுக்கு 2. நால்வர் அணியில் களத்துக்கு வெளியே காத்திருக்கும் மூவருக்கு இதில் 60 சதவீதம்தான் போகும். கடைசியாக, வந்த எனர்ஜியை அவரவருடைய எனர்ஜி ரீசார்ஜ் சதவீதம் பெருக்கும். எல்லோரும் 100-இல் தொடங்குகிறார்கள், அதாவது எந்தப் பெருக்கமும் இல்லை.

பைரோ (தீ) தனிமக்காரி ஷியாங்லிங்கின் பர்ஸ்ட்டுக்கு 80 எனர்ஜி வேண்டும். பென்னட் ஒருமுறை ஸ்கில்லை அழுத்தினால் இரண்டு பைரோ துகள், சில சமயம் மூன்று. அழுத்திவிட்டு பென்னட்டோடே நின்றால் வெளியே இருக்கும் ஷியாங்லிங்குக்கு 3.6 போகிறது. அழுத்தியவுடன், துகள் வந்து சேர்வதற்குள், ஷியாங்லிங்குக்கு மாறினால் அவளுக்கு 6. இருபது நொடிச் சுற்றில் பென்னட்டை மூன்று முறை அழுத்தலாம். மாறாமல் நின்றால் 10.8, மாறினால் 18. அவளுடைய ஸ்கில் இறக்கும் குவோபா என்ற துணை தரும் நான்கு துகளை வேறொருவர் களத்தில் இருந்து வாங்கினாலும் அவளுக்கு 7.2 சேரும். ஷிங்ச்சியூவின் ஐந்து ஹைட்ரோ (நீர்) துகளிலிருந்து இன்னொரு 3.

கூட்டிப் பாருங்கள். எதையும் கவனிக்காமல், ரீசார்ஜ் 100 சதவீதத்தில் விளையாடினால் ஒரு சுற்றுக்கு 21. எண்பது நிரம்பக் கிட்டத்தட்ட நான்கு சுற்று. அதாவது எண்பது நொடிக்கு ஒரு பர்ஸ்ட். நீங்கள் சொன்ன இரண்டு நிமிட ஹிலிச்சர்ல் சண்டை இதுதான், க. சரியான நேரத்தில் மாறி, ரீசார்ஜை 200-க்குக் கொண்டுவந்தால் அதே சுற்றுக்கு 56. மீதியை அடிபடும் எதிரிகள் உதிர்ப்பவை நிரப்பிவிடும். பர்ஸ்ட்டின் கூல்டவுன் (மறுபடி போடக் காத்திருக்கும் நேரம்) 20 நொடி. அது முடியும்போது வட்டமும் ஏறக்குறைய நிரம்பியிருக்கும். ஐந்து நட்சத்திரம் எதுவும் இந்தக் கணக்கை மாற்றாது. ரீசார்ஜ் இல்லாத ஐந்து நட்சத்திரமும் காலி வட்டத்தோடுதான் நிற்பார்.

200-ஐ எங்கிருந்து எடுப்பது? ஆர்ட்டிஃபாக்ட் என்ற அணிகலன்களில் மணல்கடிகாரத்தின் முதன்மை வரியில் எனர்ஜி ரீசார்ஜ் இருக்கட்டும், தாக்குதல் சதவீதம் வேண்டாம். ரேங்க் 30 ஆனதும் கதையைத் தொடர்ந்து இனாசுமா போங்கள். அங்கே மீன் பிடித்துக் கொடுத்தால் தி கேட்ச் என்ற ஈட்டி கிடைக்கும். ரீசார்ஜும் தரும், பர்ஸ்ட் டேமேஜையும் கூட்டும், மேலும் மீன் கொடுத்தே அதன் ரிஃபைன்மென்ட்டையும் (ஆயுதத்தின் மெருகு நிலை) ஏற்றலாம். ஷியாங்லிங்குக்கு அதைவிடப் பொருத்தமான இலவச ஆயுதம் இல்லை. ஃபவோனியஸ் என்ற வரிசை ஆயுதம் வைத்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அது கிரிட் அடி (தற்செயலாக விழும் பலத்த அடி) விழுந்தால்தான் வெள்ளைத் துகள் தரும். கிரிட் ரேட் ஐந்து சதவீதத்தில் கிடக்கும் கேரக்டரிடம் கொடுத்துவிட்டு ஆயுதத்தைக் குறை சொல்லக் கூடாது. எக்சைல் என்ற ஆர்ட்டிஃபாக்ட் செட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பென்னட்டுக்கு நான்கு துண்டு மாட்டினால் அவன் பர்ஸ்ட் போடும்போதெல்லாம் மற்ற மூவருக்கும் ஆறு ஆறு எனர்ஜி வரும்.

பென்னட்டை எழுப்பியதும் எல்லோரும் செய்யும் இரண்டு பிழைகள் உண்டு. அவனுக்குத் தாக்குதல் ஆர்ட்டிஃபாக்ட் மாட்டுவது ஒன்று. அவனுடைய பர்ஸ்ட் தரையில் போடும் வட்டம் தரும் பலம் அவனுடைய அடிப்படைத் தாக்குதலில் இருந்து மட்டுமே கணக்கிடப்படுகிறது. அதாவது அவனுடைய லெவலும் அவன் கையிலிருக்கும் வாளின் லெவலும்தான். ஆகவே இரண்டையும் ஏற்றுங்கள், ஆர்ட்டிஃபாக்ட்டில் ரீசார்ஜும் ஹெச்பியும் (உயிர்பலம்) போதும். இன்னொன்று, வட்டத்துக்குள் நின்றும் பலம் வரவில்லை என்று புலம்புவது. முதல் கான்ஸ்டலேஷன் (அதே கேரக்டர் மறுபடி கிடைத்தால் திறக்கும் மேம்பாடு) இல்லாத பென்னட், உள்ளே நிற்பவரின் ஹெச்பி 70 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் குணப்படுத்துவான். 70-ஐத் தாண்டிய பிறகுதான் பலம் கொடுப்பான். ஓரிரு நொடி பொறுத்து, பச்சை ஏறியதும் அடுத்தவரை இறக்குங்கள்.

வரிசை இது. முதலில் ஷிங்ச்சியூவின் ஸ்கில்லும் பர்ஸ்ட்டும். அடுத்து பென்னட்டின் பர்ஸ்ட், உடனே ஸ்கில், உடனே ஷியாங்லிங்குக்கு மாற்றம். துகளை வாங்கிக்கொண்டே அவளுடைய பர்ஸ்ட்டைப் போட்டு, குவோபாவையும் இறக்குங்கள். சுழலும் அந்தத் தீ, போட்ட கணத்தில் இருந்த பலத்தை முடியும்வரை வைத்துக்கொள்ளும். அதனால் பென்னட்டின் வட்டத்துக்குள் நின்று போடுவது முக்கியம், போட்டபின் வெளியே ஓடலாம். பிறகு ஜீன். அவளுடைய ஸ்கில் எதிரி மேலிருக்கும் தனிமத்தைச் சுழற்றிப் பரப்பும், அவளுடைய சாதாரண அடி ஷிங்ச்சியூவின் மழைவாள்களை வரவழைக்கும். நனைந்த எதிரி மேல் தீ விழுந்தால் வேப்பரைஸ், அடி ஒன்றரை மடங்கு. நடுவே இரண்டு முறை பென்னட்டுக்குப் போய் ஸ்கில், உடனே ஷியாங்லிங், திரும்ப ஜீன். இந்த இடையோட்டத்தைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள், அடுத்த சுற்றில் பர்ஸ்ட் வட்டம் காலியாக இருக்கிறது.

ஜீனுக்கு விரிடெசன்ட் வெனரர் செட் நான்கு துண்டு மாட்டுங்கள். சுழற்றிய தனிமத்துக்கு எதிரியின் எதிர்ப்பு பத்து நொடிக்கு 40 சதவீதம் குறையும். நான்கு நட்சத்திரத் துண்டுகளிலும் அதே 40தான். ஆகவே அந்த நான்கு கிடைக்கும்வரை சில முறை அவை விழும் வேலி ஆஃப் ரிமெம்பரன்ஸ் டொமைனுக்கு (சோதனைக் கூடம்) போகலாம். அதற்கு மேல் ரேங்க் 45 வரும்வரை ஆர்ட்டிஃபாக்ட் டொமைனில் ரெசினை (பரிசு எடுக்கச் செலவாகி, நேரத்தோடு ஊறும் சக்தி) கொட்டாதீர்கள். ஐந்து நட்சத்திரத் துண்டு ஒவ்வொரு முறையும் உறுதியாக விழத் தொடங்குவது 45-இல்தான். ஹீலரும் ஐந்து நட்சத்திர அனிமோவும் (காற்று) ஒரே ஆளாக உங்களிடம் வந்திருக்கிறாள், அவளைத் தண்டம் என்று இனி எழுதாதீர்கள்.

பணம் கேட்டீர்கள். லிமிடெட் பேனரில் ஒரு இழுப்புக்கு 160 ப்ரிமோஜெம், ஐந்து நட்சத்திரம் விழும் வாய்ப்பு 0.6 சதவீதம். 74 வாக்கில் வாய்ப்பு வேகமாக ஏறும், 90-இல் உறுதி. அது பேனரில் காட்டியவராக இருக்கும் என்று நிச்சயமில்லை. ஆக மோசமான நிலையில் 180 இழுப்பு, 28,800 ப்ரிமோஜெம். நீங்கள் 50/50 தோற்றுவிட்டதால் அடுத்து விழும் ஐந்து நட்சத்திரம் பேனரில் இருப்பவர்தான், அந்த உரிமை அடுத்தடுத்த லிமிடெட் கேரக்டர் பேனருக்கும் கூடவே வரும், காலாவதி கிடையாது. தினசரி கமிஷன் நான்கையும் முடித்து கில்ட் மேசையில் நிற்கும் கேத்தரினிடம் சொன்னால் நாளுக்கு 60. பெட்டி, கதை, நிகழ்வு எல்லாம் அதற்கு மேல். காத்திருக்க முடியும்.

ரூபாய் ஜெனிசிஸ் கிரிஸ்டல் ஆகிறது, அது ப்ரிமோஜெம் ஆகிறது, அது இழுப்புக்கான ஃபேட் ஆகிறது. இத்தனை படி தாண்டும்போது கையிலிருந்து எவ்வளவு போனது என்பது மறைந்துவிடுகிறது. அமெரிக்காவின் வணிக ஆணையமான எஃப்டிசி இந்த விளையாட்டை அங்கே நடத்தும் நிறுவனத்தின் மேல் வைத்த குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று. 2025 ஜனவரியில் 2 கோடி டாலர் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது, 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் சம்மதமில்லாமல் லூட் பாக்ஸ் (என்ன விழும் என்று தெரியாத குலுக்கல்) விற்கக் கூடாது என்றும் விதித்தார்கள். உங்களுக்கு வயது இருக்கலாம், சம்பாதித்த பணமாக இருக்கலாம். ஆனால் மாலை நேரமெல்லாம் நின்று உழைத்த கூலியை, நேரத்தில் ஆளை மாற்றத் தெரியாததற்காகக் கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன்.

ரெசின் 200 நிரம்ப 26 மணி 40 நிமிடம். நிரம்பி வழிய விடாதீர்கள். இந்த வாரம் அதை லியுவேயின் பைரோ ரெஜிஸ்வைன் என்ற செடி அரக்கன் மேல் செலவழியுங்கள், முறைக்கு 40. பென்னட்டுக்கும் ஷியாங்லிங்குக்கும் லெவல் தடை உடைக்க வேண்டிய எவர்ஃப்ளேம் சீட் அங்கேதான் விழும். அதனிடம் தீ எடுபடாது, ஷிங்ச்சியூவை முன்னே விடுங்கள். முடித்ததும் ஷியாங்லிங்கின் விவரப் பக்கத்தைத் திறந்து எனர்ஜி ரீசார்ஜ் எத்தனை சதவீதம் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். பேனரைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.