நடுவருக்கு எந்த நாய் பிடிக்கும்?

கேள்வி: ஆன்லைன் நாய்க் கண்காட்சி கேமில், என் நாய் ஒரு ஜட்ஜிடம் முதலிடம் வாங்குகிறது, அடுத்தவரிடம் கடைசியில் நிற்கிறது. ஜட்ஜின் விருப்பத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகர், திருச்சி

பதில்: உண்டு, பொறுமை வேண்டும். இத்தகைய கேம்களில் ஜட்ஜ் என்பவர் பெரும்பாலும் ஒளித்துவைத்த மதிப்பெண் பட்டியல்தான். தலைக்கு இவ்வளவு, ரோமத்துக்கு இவ்வளவு, நடைக்கு இவ்வளவு என்று ஆளுக்கொரு கணக்கு, அதற்கு மேல் கொஞ்சம் அதிர்ஷ்டம். பலர் ஏமாறுவது இந்த அதிர்ஷ்டத்தில்தான்.

ஒரே இனம், ஒரே பால், ஒரே வயதில் இரண்டு நாய்களை எடுங்கள். ரோமத்தைச் சோதிப்பதானால் ரோமத்தில் மட்டுமே வித்தியாசம் இருக்கட்டும். இரண்டையும் அதே ஜட்ஜிடம் 10 போட்டிகளில் சேர்ந்தே இறக்கி, எது முந்தியது என்று மட்டும் குறித்துவையுங்கள். எத்தனையாவது இடம் என்பது உதவாது. 4 நாய்களில் மூன்றாவதும் 40 நாய்களில் மூன்றாவதும் ஒன்றா?

நல்ல ரோமம் உள்ளது 6 முறை முந்தினால் உடனே முடிவுகட்டாதீர்கள். ரோமத்தைக் கண்டுகொள்ளாத ஜட்ஜிடமும், காசு சுண்டிப்போட்ட மாதிரி, 6 அல்லது அதற்கு மேல் வர 38 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 8 அல்லது அதற்கு மேல் என்றால் 5.5 சதவீதம், 9 அல்லது 10 என்றால் சுமார் 1 சதவீதம். எனவே 8-ஐ எல்லையாக வைக்கலாம். இதிலும் ஒரு சிக்கல்: 12 குணங்களை இப்படி வரிசையாகச் சோதித்தால், ஜட்ஜ் எதையுமே பொருட்படுத்தாதபோதும் ஏதோ ஒன்று 8-ஐத் தொட ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆகவே 8-ஐத் தொட்ட குணத்துக்கு மட்டும் புதிதாக 10 போட்டிகள் நடத்துங்கள். பழைய 10-ஐ அதோடு கூட்டக்கூடாது.

சோதனை கெடுவது பெரும்பாலும் நடுவில்தான். ஒரு நாய்க்கு மட்டும் பயிற்சி கொடுத்துவிடுவது, ஹேண்ட்லரை (நாயைக் களத்தில் நடத்திக் காட்டுபவரை) மாற்றுவது, ஒன்றைச் சீவிவிட்டு மற்றதை மறந்துவிடுவது. அப்படி நேர்ந்தால் அந்த வரிசை முழுவதையும் தூக்கிப்போடுங்கள்.

கேள்வி: எடையைக் கூட்டினேன், ஜெயித்தது. இன்னும் கூட்டினேன், தோற்றது. ஏன்?
– வாசகி, கோவை

பதில்: எல்லாக் குணமும் 'கூடக்கூட நல்லது' அல்ல. எடைக்கு நடுவில் ஒரு புள்ளி இருக்கும், அதிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் மதிப்பெண் குறையும். லாப்ரடார் ஆண் என்றால் 29, 32.5, 36 கிலோவில் மூன்று நாய்களை ஒரே ஜட்ஜிடம் இறக்குங்கள். நடுவில் உள்ளது மற்ற இரண்டையும் தொடர்ந்து முந்தினால், அடுத்து 31, 32.5, 34 என்று இடைவெளியைச் சுருக்குங்கள். தீனியைக் கூட்டும்போது உடற்கட்டும் மாறுகிறதா என்று பாருங்கள், மாறினால் நீங்கள் சோதிப்பது எடையை மட்டுமல்ல.

கேள்வி: நிஜ ஜட்ஜுகளுக்கும் சொந்த விருப்பம் உண்டா?
– வாசகர், மதுரை

பதில்: உண்டு. விதிகளும் அதை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கின்றன. நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப்பில் சாம்பியன் பட்டத்துக்கு 15 புள்ளிகள் தேவை. ஒரு கண்காட்சியில் அதிகபட்சம் 5 புள்ளிகள்தான் கிடைக்கும். 3 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளி தரும் பெரிய வெற்றிகள் இரண்டு, வெவ்வேறு ஜட்ஜுகளிடம் வாங்கியிருக்க வேண்டும், மூன்றாமவர் ஒருவரிடமும் புள்ளி பெற்றிருக்க வேண்டும். பிரிட்டனில் மூன்று ஜட்ஜுகளிடமிருந்து மூன்று சேலஞ்ச் சான்றிதழ்கள் (இனத்தின் சிறந்த ஆணுக்கும் சிறந்த பெண்ணுக்கும் தரப்படுபவை) வேண்டும். ஒருவருக்குப் பிடித்துப்போனதால் மட்டும் பட்டம் கிடைத்துவிடாது.

நாட்டுக்கு நாடு இன வரையறையே மாறும் என்பதையும் மறக்காதீர்கள். ஆண் லாப்ரடாருக்கு அமெரிக்காவில் 22.5 முதல் 24.5 அங்குல உயரம், அதற்கு வெளியே அரை அங்குலத்தைத் தாண்டினால் தகுதி நீக்கம். பிரிட்டனிலோ 56–57 செ.மீ.தான் சிறந்த உயரம். 24 அங்குல (61 செ.மீ.) நாய் அமெரிக்காவில் சரியான அளவு, பிரிட்டனில் நெட்டை. ஆனால் பிரிட்டனில் அதற்காக வெளியேற்ற மாட்டார்கள், அது எவ்வளவு பெரிய குறை என்பதை ஜட்ஜே தீர்மானிப்பார்.