சரிவில் புல் அறுக்க எந்த மெஷின்?

கேள்வி: ஏற்காட்டுச் சரிவில் ஒன்றரை ஏக்கர், நான்கு மாடுகள். புல் அறுத்துக் காயவைக்க எந்த மெஷின் வாங்கலாம்?

பதில்: சக்கரம் வைத்தது வேண்டாம், சரிவில் கீழே இழுக்கும், பாறையில் தட்டும். தோளில் மாட்டும் 2 ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் (நீண்ட தண்டின் முனையில் பிளேடு சுழலும் புல் வெட்டி) வாங்குங்கள். எப்படிச் சாய்த்தாலும் ஓடும். இரட்டைத் தோள்வார் கட்டாயம்.

அதில் பிளேடுக்குப் பதில் நைலான் கயிறு பூட்டாதீர்கள். புல்லைச் சிதைத்து மண்ணோடு கலந்துவிடும். மாடு முகர்ந்துவிட்டு ஒதுக்கும். சாதாரணப் புல்லுக்கு 3 பல் பிளேடு, தண்டு தடித்த கம்பு நேப்பியர் தீவனப் புல்லுக்கு 80 பல் பிளேடு.

கையேட்டில் பெட்ரோல், ஆயில் கலவை 25:1 என்றிருந்தால் லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி ஆயில் (2 ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்). குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

பனி உலர்ந்தபின் கீழ்வரப்பில் தொடங்குங்கள். பள்ளம் இடக்கைப் பக்கம் இருக்கட்டும். வலமிருந்து இடமாக வீசினால் அறுத்த புல் அறுத்த இடத்திலேயே வரிசையாக விழும், காயவைக்கப் புரட்டுவதும் சுலபம்.