பேண்டு மாஸ்டர் போன பிறகு

அன்புள்ள ஐயா,

எங்கள் பள்ளி பேண்டு மாஸ்டர் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டார். உள்ளூரில்தான் இருக்கிறார். இப்போது சுதந்திர தினத்துக்கு ஒரு மாதம் முன்பு வெளியாளை வைத்துப் பழக்குகிறோம். நின்று வாசித்தால் சரியாக இருக்கிறது, நடந்தால் கலைந்துவிடுகிறது. பியூகிளில் தேசிய கீதமும் வரவில்லை. அவர் அப்படி என்னதான் செய்தார்?

— ஓர் ஆசிரியர், அரசு உதவி பெறும் பள்ளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

தேசிய கீதம் பியூகிளில் வராது. பிள்ளைகளைத் திட்டாதீர்கள். வால்வு இல்லாத குழல் அது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் எடுக்கிற சுரங்கள் வழக்கமாக ஐந்துதான்: ச, ப, மேல் ச, க, ப. 'ஜன' என்பதில் 'ன' விழுவதே 'ரி' சுரத்தில், அது பியூகிளில் இல்லை. கிளாரினெட், டிரம்பெட் வாங்க முடியாவிட்டால் நான்கைந்து ரெக்கார்டர் குழல் போதும்.

நடை கலைவதற்குக் காரணம் பெரும்பாலும் பேஸ் டிரம் என்கிற பெரிய முரசு. அதைச் சுமந்து அடிக்க உடம்பைப் பார்த்து ஆளைப் பிடிக்கிறார்கள். பார்க்க வேண்டியது நிதானத்தை. நிமிடத்துக்கு 120 காலடி, இடது கால் ஊன்றும்போது பேஸ் டிரம் விழ வேண்டும். கைதட்டலில் உற்சாகமாகி பேஸ் டிரம் அடிப்பவன் 130க்குப் போனால் பின்வரிசைச் சிறுவர்கள் ஓட ஆரம்பிப்பார்கள். முதல் இரண்டு வாரம் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டு வாசிக்கட்டும், பிறகு நடக்கட்டும். இன்னொன்று: சத்தம் 34 மீட்டர் போக நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். 85 மீட்டர் தள்ளி நடக்கிற வகுப்புக்கு அரைக் காலடி நேரம் தாமதமாகவே டிரம் சத்தம் கேட்கும். பேண்டை அணிவகுப்பின் நடுப்பகுதிக்கு அருகே நிறுத்திப் பாருங்கள்.

சைடு டிரம் என்கிற சின்ன முரசில் ஒரு திருகை மட்டும் முறுக்கினால் தோல் கோணிக்கொள்ளும். எதிரெதிர்த் திருகுகளை அரைச் சுற்றாக மாற்றி மாற்றி முறுக்கி, ஒவ்வொரு திருகின் அருகிலும் விரலால் தட்டிக் கேளுங்கள். எல்லா இடத்திலும் ஒரே சுருதி வர வேண்டும். ஆட்டுத் தோல் போட்ட பழைய டிரம் என்றால் மழையில் தொய்யும், வெயிலில் இறுகிக் கிழியும். வாசித்து முடித்ததும் தளர்த்தி வையுங்கள். கை பழக டிரம்மே வேண்டாம். பெஞ்சில் ஆணியடித்த டயர்த் துண்டு போதும். 'டாடி மம்மி' உருட்டல், கைக்கு இரண்டு அடி, மெதுவாக.

உங்கள் மாஸ்டரின் உண்மையான வேலை ஜூனில் நடந்தது, ஆகஸ்டில் அல்ல. பியூகிள் ஊதும் உதட்டுத் தசை ஒரு மாதத்தில் பலப்படாது. அவசரப்படும் பிள்ளை மேல் ப எடுக்க ஊதுவாயை உதட்டில் அழுத்துகிறான். வட்டத் தடம் விழுந்து, பத்து நிமிடத்தில் உதடு மரத்துப்போகிறது. பத்து நிமிடம் ஊதினால் பத்து நிமிடம் ஓய்வு, தினமும். ஆளுக்கொரு ஊதுவாய், வாரமொரு முறை சோப்புத் தண்ணீரில் கழுவியது.

ஒவ்வொரு ஒன்பதாம் வகுப்புக்காரன் பக்கத்திலும் ஓர் ஏழாம் வகுப்புக்காரனை அவர் நிறுத்தியிருப்பார். பெரியவன் பள்ளியை விட்டுப் போகும்போது சின்னவன் கையில் இரண்டு வருடப் பழக்கம் இருக்கும். 31 ஆண்டு அந்தப் பேண்டு அறுபடாமல் ஓடியது அதனால்தான் என்று நினைக்கிறேன். அந்தச் சங்கிலி இப்போது அறுந்துவிட்டது. திரும்பக் கோக்க 16 பேர் போதும்: பேஸ் டிரம் 1, சிம்பல் ஒரு ஜோடி, சைடு டிரம் 6, பியூகிள் 8. பாதிப் பேர் ஏழாம் வகுப்பாக இருக்கட்டும்.

இந்தச் சனிக்கிழமையே அவரைப் போய்ப் பாருங்கள். நடை தொடங்கும் அடி, திரும்பும் அடி, நிற்கும் அடி மூன்றையும் தட்டிக் காட்டச் சொல்லி செல்போனில் பதிந்துகொள்ளுங்கள். அவை எந்த நோட்டிலும் எழுதப்பட்டிருக்காது.