கார்டு தேய்த்தால் இரண்டு சதவீதம் கூடுதலா?

கேள்வி: ஈரோட்டில் மிக்ஸி, கிரைண்டர் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். கிரெடிட் கார்டில் விற்றால் வங்கி 2 சதவீதம் பிடித்துக்கொள்கிறது. அதை வாடிக்கையாளரிடமே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். டெபிட் கார்டுக்குக் கடைக்காரர் தனிக் கட்டணம் வாங்குவது செல்லாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. ரூபே டெபிட் கார்டுக்கும், வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்கும் 2020 ஜனவரி முதல் உங்களுக்கே கட்டணம் இல்லை. மிச்சம் இருப்பது கிரெடிட் கார்டு. ஸ்வைப் மெஷின் வாங்கியபோது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது என்று பெரும்பாலும் அதில் இருக்கும். அப்புறம், எம்ஆர்பி விலைக்கே விற்றுவிட்டு அதற்கு மேல் கார்டுக்கு என்று வாங்கினால் எடையளவுச் சட்டத்திலும் மாட்டுவீர்கள்.

உங்கள் வருத்தம் நியாயமானதுதான். 12,000 ரூபாய் கிரைண்டருக்கு 2 சதவீதம் 240 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 43 ரூபாய் 20 காசு. ஆக 283 ரூபாய் போகிறது. அந்த கிரைண்டரில் உங்களுக்கு நிற்பதே 960 ரூபாய் என்றால், லாபத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

ஆனால் மாதக் கணக்கைப் பாருங்கள். 5 லட்சம் ரூபாய் விற்பனையில் கிரெடிட் கார்டு வழியாக வருவது 1 லட்சம் என்றால், மொத்தச் செலவு 2,360 ரூபாய். அதை எல்லா விற்பனைக்கும் பரப்பினால் நூறு ரூபாய்க்கு அரை ரூபாய்கூட இல்லை. அதை விலை போடும்போதே சேர்த்துவிடுங்கள். எப்படியும் எம்ஆர்பிக்குக் கீழேதானே விற்கிறீர்கள், இடம் இருக்கிறது. யுபிஐயில் கொடுத்தால் 100 ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

கார்டுக்குக் கூட்டுவதும் யுபிஐக்குக் குறைப்பதும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. விலை பேசி முடித்து, கார்டை மெஷினில் செருகிய பிறகு, "சார், ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரா ஆகும்" என்று பையன் சொல்லும்போது அந்த அம்மா கணவர் முகத்தைப் பார்ப்பார். கார்டு வெளியே வந்துவிடும். நல்ல கடைகளில்கூட இதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த ஜிஎஸ்டி 43 ரூபாயை விட்டுவிடாதீர்கள். சாதாரண முறையில் வரி கட்டுபவர் என்றால் அதை உள்ளீட்டு வரியாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம்; விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் முடியாது. கிரெடிட் கார்டு கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைக்கவில்லை, அதனால் பேரம் பேச இடமுண்டு. மூன்று மாத ஸ்டேட்மென்ட்டோடு வேறு இரண்டு வங்கிகளில் விலை கேட்டுவிட்டு, அப்புறம் உங்கள் வங்கி மேனேஜரிடம் போய்ப் பேசுங்கள்.