டைல்ஸுக்குப் பின்னால் பூச்சே இல்லை!

கேள்வி: 24 வீடுகள் உள்ள அடுக்குமாடியில் பில்டரிடம் வீடு வாங்கிக் குடியேறி மூன்று வருடம் ஆகிறது. படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறி பெயிண்ட் உரிகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. ஷவர் குழாயை மாற்ற வந்த பிளம்பர் ஒரு டைல்ஸைப் பெயர்த்தார். உள்ளே செங்கல் அப்படியே தெரிகிறது. டைல்ஸின் பின்னால் ஐந்து உருண்டை சிமெண்ட் மட்டும்தான். பில்டரோ, "ஒரு வருடம்தான் கேரண்டி. இடுக்குகளில் ஒயிட் சிமெண்ட் அடையுங்கள், போதும்" என்கிறார். எல்லாவற்றையும் உடைக்க வேண்டுமா?
- வாசகி, மடிப்பாக்கம்

பதில்: ஒயிட் சிமெண்ட் அடைக்க வேண்டாம், சகோதரி. உள்ளே தேங்கிய ஈரம் படுக்கையறைப் பக்கமே வரும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

செங்கல் சுவரில் முதலில் பூச்சு பூச வேண்டும். தூக்குக்குண்டு பிடித்து, மட்டம் பார்த்து, அது இறுகிய பிறகே டைல்ஸ். பூச்சை விட்டுவிட்டால் சுவர் மேடும் பள்ளமுமாக இருக்கும். அதைச் சரிக்கட்டத்தான் நான்கு மூலையிலும் நடுவிலும் கலவை உருண்டை வைத்து அழுத்தியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கும், உள்ளே பாதிக்கு மேல் வெற்றிடம். டைல்ஸ் மேஸ்திரிக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி, வேகமாக ஒட்டினால்தான் அவருக்குக் கட்டும். அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூச்சு இல்லாத சுவருக்கு முன்னால் டைல்ஸ் பெட்டியை இறக்கச் சொன்ன மேற்பார்வையாளரைத்தான் கேட்க வேண்டும். நானும் சைட்டில் அந்த வேலை பார்த்தவன். ஒட்டிய டைல்ஸில் ஒன்றைக் கழற்றிப் பின்பக்கம் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இடுக்கில் அடைக்கும் சாதாரண சிமெண்ட் கலவை தண்ணீரை முழுதாகத் தடுக்காது. குளிக்கும்போதெல்லாம் கொஞ்சம் உள்ளே இறங்கும். பின்னால் வெற்றிடம் இருந்தால் அங்கேயே தங்கும், செங்கல் அதை உறிஞ்சி மறுபக்கம் தள்ளும். அதே நேரம் சுவருக்குள் போகும் குழாயும் கசியலாம். அதைத் தனியாகப் பாருங்கள். ஓதத்தின் விளிம்பில் பென்சிலால் கோடு போடுங்கள். குழாய்க்குத் தண்ணீர் வரும் வால்வை மூடாமல், ஒரு வாரம் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாமல் இருங்கள். ஓதம் கோட்டைத் தாண்டிப் பரவினால் குழாயில்தான் கோளாறு. காய ஆரம்பித்தால் டைல்ஸ் வழியாக இறங்குகிற தண்ணீர்.

இன்னொரு டைல்ஸைக்கூட இப்போது உடைக்காதீர்கள். "நீங்கள் உடைத்ததால்தான் கசிகிறது" என்று பில்டர் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டி, வெற்று ஓசை வருவதில் மார்க்கரால் குறி போட்டுப் படமெடுங்கள். பெயர்த்த டைல்ஸை அந்த ஐந்து உருண்டையோடு பத்திரமாக வையுங்கள். ஒரு வருடக் கேரண்டி என்பது சரியில்லை. 2016-ஆம் வருட ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-ஆவது பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்ததிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் வேலைத்தரக் குறையைத் தெரிவித்தால், பில்டர் 30 நாட்களுக்குள் செலவு கேட்காமல் சரிசெய்து தர வேண்டும். ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் எழுதுங்கள். அசையவில்லை என்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சரிசெய்யும்போது ஷவர் இருக்கும் சுவரை முழுதாகக் கொத்தி எடுக்கத்தான் வேண்டும். தண்ணீர் படாத சுவரில், மேல் வரிசையில் ஒன்றிரண்டு டைல்ஸ் மட்டும் வெற்று ஓசை கொடுத்தால் விட்டுவிடலாம். கொத்திய பிறகு குழாய்களின் வாயை அடைத்து, பிரஷர் பம்ப் வைத்து, அழுத்தம் காட்டும் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் பூச்சுக்குச் சம்மதிக்கவே வேண்டாம். பூச்சு இறுகியதும் வாட்டர்ப்ரூஃப் பூச்சு, ஷவர் பக்கம் ஆறடி உயரம் வரை. தரையையும் எடுத்தால், டைல்ஸ் போடும் முன் நஹானி ட்ராப்பை (தரைத் தண்ணீர் வடியும் வாய்) அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டி, கீழ் வீட்டுக் கூரையைப் போய்ப் பாருங்கள்.

புது டைல்ஸின் பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று உறிஞ்சினால் செராமிக். ஊறவைத்து சிமெண்ட் பாலில் ஒட்டலாம். சொட்டு அப்படியே நின்றால் விட்ரிஃபைடு. அது அரை சதவீதம்கூட நீர் உறிஞ்சாது, வெறும் சிமெண்ட் அதைப் பிடிக்காது. ஐஎஸ் 15477 முத்திரை உள்ள டைல்ஸ் பசை வாங்கி, பல் வைத்த கரண்டியால் சுவர் முழுக்க இழுத்து ஒட்டச் சொல்லுங்கள். முதல் வரிசை முடிந்ததும் ஒன்றைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பின்பக்கம் முழுக்கப் பசை ஒட்டியிருக்க வேண்டும்.

பழைய டிசைன் இப்போது கிடைப்பது கஷ்டம். அந்த ஒரு சுவருக்கு மட்டும் வேறு நிறம் போட்டுக்கொள்ளுங்கள், பார்க்கவும் நன்றாகவே இருக்கும். ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள்.